ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி

திண்டுக்கல்லில் அப்பாவுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட், குழாய் எல்லாம் விற்றாலும் யாராவது தொழில் என்னவென்று கேட்டால் பூட்டு வியாபாரம் என்றுதான் சொல்வார். ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு வருடம் ஏதோ ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியின் சரக்கை அவர் அளவுக்கு மீறி விற்றுவிட்டார். மற்ற வருடங்களில் அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு சுவர்க்கடிகாரத்தையோ பிரஷர் குக்கரையோ கொடுத்து முடித்துக்கொள்வார்கள். அந்த வருடம் அவர்களுக்கு என்ன தோன்றியதோ, அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவில் மூன்று நாள் தங்கிவிட்டு வரச் சொல்லி டிக்கெட்டும் வழவழப்பான ஒரு நோட்டீஸும் கொடுத்தார்கள். நோட்டீஸில் மூங்கில் குடில், வெள்ளை மணல், நீலத் தண்ணீர். குடும்பங்களுக்கும் தம்பதிகளுக்கும் ஏற்ற இயற்கை விடுதி என்று இங்கிலீஷில் போட்டிருந்ததை அப்பா எல்லோருக்கும் படித்துச் சொன்னார்.

இரண்டு குடில்கள் எங்களுக்கு. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, நான். தம்பதி என்று அப்பா தேர்ந்தெடுத்தது அத்தையையும் மாமாவையும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த வீட்டில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட முடியவில்லை. அதற்குள் மூன்று தடவை கையில் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டால் திருவிழா பார்க்க வந்தேன் என்பாள். அவள் வரும் நேரம் பார்த்து எங்கள் ஊரில் ஒரு திருவிழாவும் இருக்காது. அப்பா இரண்டு நாள் வைத்திருப்பார். மூன்றாம் நாள் ஒரு சீப்பு சிறுமலைப் பழமும் ஒரு டப்பா முறுக்கும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வருவார்.

மூன்றாவது தடவை வந்தபோது நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். அத்தை அப்பாவிடம் மெதுவாகப் பேசினாள். "அண்ணே, வெளிய பாக்குறத வச்சு நம்பாத. கதவச் சாத்துனா அவுக வேற ஆளாயிருறாக."

அப்பா நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. மாமா பேசினால் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். எனக்குக்கூட 'ஏனுங்க பாப்பா, சாப்ட்டீங்களா' என்பார். நாலு பேர் முன்னால் அத்தையையே வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஏறாது. "எல்லா வீட்டுலயும் உள்ளதுதாம்மா. மாப்ள வாயிலருந்து மரியாத இல்லாம ஒரு வார்த்த வந்து நான் பாத்ததில்ல. சண்ட சச்சரவுனா ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயி நாலு நாள் இருந்துட்டு வந்தா சரியாப் போயிரும்" என்றார். பைப் கம்பெனிக்காரன் அந்த வாரமே டிக்கெட்டோடு வந்ததை அவர் பழனி முருகன் செயல் என்று நினைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை சொன்னதை நான் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினால் மாமா வேறு ஆளாக மாறிவிடுகிறார். முகம் மாறுமா, பல் வளருமா, கால் தரையில் பாவுமா என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் எந்தக் கதவையும் சாத்தவிடாமல் நானே போய் ஒவ்வொரு கதவுக்கும் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தேன். காற்றோட்டத்துக்குப் பிள்ளை வழி செய்கிறாள் என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

அந்தப் பயம் போதாதென்று கடல் வேறு. தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தெருவில் பிறந்தவள் நான். குடத்துக்கு மேல் தண்ணீரைப் பார்த்துப் பழக்கமில்லை. கப்பலில் போகும்போது நான்கு பக்கமும் தண்ணீர் மட்டுமே இருந்ததைக் கண்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தவள், தீவு வந்துவிட்டது என்று மூன்று பேர் சத்தியம் செய்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

நோட்டீஸில் பார்த்தது போலவேதான் இருந்தது இடம். கடற்கரை ஓரமாக மரக்கால்கள் நட்டு, அதன்மேல் மூங்கிலும் கீற்றும் வைத்துக் கட்டிய குடில்கள். ஏறுவதற்கு நான்கு படி. டிவி கிடையாது, ஏசி கிடையாது, பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. பிளாஸ்டிக் பைப் விற்றதற்குப் பரிசாக வந்தவர்கள் நாங்கள் என்பதை அப்பா அங்கே வெளியே சொல்லவில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டவரால் ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. குடில்களுக்குப் பூட்டு இல்லை. கதவில் சின்னதாக ஒரு நாதாங்கி, காற்றுக்குத் திறந்துகொள்ளாமல் இருக்க அதன் வளையத்தில் செருகிவிடும் ஒரு குச்சி, அவ்வளவுதான். உள்ளே சாத்திக்கொள்ள ஒரு மூங்கில் தாழ்.

"இங்க யாரும் பூட்டுறதில்ல சார். திருட்டுப் பயமே கிடையாது" என்றார் விடுதி மேனேஜர். அவரும் தமிழ் ஆள்தான்.

"தொறந்த வீட்டுக்குள்ள நாய் நொழையிற மாதிரி யாரு வேணாலும் வரலாமாக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா பையைத் திறந்தார். உள்ளே துண்டில் சுற்றிய இரண்டு பித்தளைப் பூட்டுகள் இருந்தன. எங்கே தங்கப் போனாலும் கடையிலிருந்து சொந்தப் பூட்டைக் கொண்டுபோவது அவர் வழக்கம். ஏழு லீவர் வைத்த, லேசில் திறக்காத ரகம், ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் கனம். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தக் கீத்துச் செவத்துக்கு அந்தப் பூட்டா? சுண்டைக்கா கால் பணம், சொமகூலி முக்கால் பணம்" என்றாள். அப்பா காதில் வாங்காமல் குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கதவிலும் பூட்டை மாட்டினார். பூட்டுக்கு இரண்டு சாவி. எங்கள் குடிலின் சாவிகள் அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. பக்கத்துக் குடிலின் சாவிகள் மாமாவிடம் ஒன்று, அத்தையிடம் ஒன்று.

அன்று சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். மூங்கில் தாழ் விழும் சத்தம் எங்கள் குடில்வரை கேட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் இரைந்துகொண்டே இருந்ததால் வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தை வலது கையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "கதவு இடுக்குல நசுங்கிருச்சு மதினி" என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடலைப் பார்த்தார். ஹார்டுவேர் கடைப் பிள்ளைக்குக் கதவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது கனமே இல்லாத கதவு. ஈயைக்கூட நசுக்காது. அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், மாமா பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தார், மூடிக்கொண்டேன்.

இத்தனை கலவரத்தில் எனக்கு ஒரே ஆறுதலாக இருந்தது, அன்று காலையில் கடல் இல்லாததுதான். முந்தின நாள் குடிலுக்குப் பக்கத்தில் அலையடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. நடுவில் வெறும் மணலும் பாசி பிடித்த பாறையும் கிடந்தன. நான் உடனே புரிந்துகொண்டேன், வற்றிவிட்டது. எங்கள் ஊரில் குளம் வற்றினால் வற்றியதுதான். அடுத்த ஐப்பசியில் மழை பெய்தால் பார்த்துக்கொள்ளலாம். காலையில் போன தண்ணீர் மத்தியானம் திரும்பி வரும் என்று செம்பட்டியிலிருந்து நத்தம் வரைக்கும் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. வாத்தியார் வகுப்பில் சொல்லியிருப்பார், நான் அன்று லீவு போட்டிருப்பேன்.

பத்து மணிக்கு அப்பாவும் மாமாவும் பவளப்பாறை பார்க்கப் படகில் கிளம்பினார்கள். தண்ணீருக்குள் இறங்கும்போது சட்டையையும் போனையும் படகில் விட்டுப்போகலாம், சாவியை விட்டுப்போக அப்பாவுக்கு மனம் வராது. அப்பா தன்னுடையதை அம்மாவிடம் கொடுத்தார். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நம்ம தாயிகிட்டக் குடுங்க மாப்ள. பூட்டுக்கட வீட்டுப் புள்ள, பத்திரமா வச்சிருக்கும்" என்றார் அப்பா.

"ஏனுங்க பாப்பா, வச்சுக்கறீங்களா?" என்று மாமா சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

அவர்கள் படகு மறைந்ததும் அத்தை என்னைத் தன் குடிலுக்குக் கூப்பிட்டாள். உள்ளே ஜன்னலுக்கு எதிரே படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். துண்டு சுற்றாத கையால் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"பாப்பா, எனக்குத் தல வலிக்குது. செத்த நேரம் படுக்குறேன். நீ வெளிய பூட்டிட்டுப் போ."

"ஆள உள்ள வச்சா பூட்டுவாங்க?"

"காத்துக்குத் தொறந்துக்குதுல்ல, அதுக்குத்தான். சாவிய யாரு கேட்டாலும் குடுக்காத. அண்ணன் வந்து கேட்டா மட்டும் குடு."

"மாமா கேட்டா?"

அத்தை என் விரல்களைச் சாவியின்மேல் மடக்கிவிட்டாள். "அண்ணன் கேட்டா மட்டும்" என்றாள் மறுபடியும்.

பூட்டினேன். பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அதையும் செய்தேன். படியிறங்கி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி மாமாவுடையது. அதை மாமாவிடம் கொடுக்கக்கூடாது. அவர் கேட்டால் என்ன சொல்வது? கவுனில் பை இருந்தது, ஆனால் பையில் வைத்துக்கொண்டு இல்லை என்றால் அது பொய். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். எங்காவது கதவைச் சாத்திவிட்டு என்னை விசாரிப்பார். கையில் இல்லாவிட்டால் இல்லை என்பது உண்மையாகிவிடும் என்று ஒரு யோசனை வந்தது. வற்றிப்போன கடலின் நடுவே கொஞ்சதூரம் நடந்து, ஒரு பாறைக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, சாவியைப் போட்டு மூடினேன். அடையாளத்துக்கு மூன்று சிப்பிகளை மேலே வைத்தேன். அவ்வளவு சாமர்த்தியமான பிள்ளை திண்டுக்கல்லில் வேறு யாரும் இல்லை என்று அப்போது தோன்றியது.

அம்மா சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தாள். மூன்று நாளும் வெறும் மீனைப் போட்டு என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அவளுக்கு எண்ணம். சமையல்காரருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுக்கப் போனவள், ரசம் முடிந்து கூட்டு, பொரியல் என்று வெஞ்சனத்துக்குப் போய்விட்டாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு, அத்தை தூங்குகிறாள் என்று நான் சொன்னதும், "தூங்கட்டும், பாவம்" என்று சொல்லி மறுபடியும் அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். கடல் வந்திருந்தது.

முதலில் நான் இடம் மாறி வந்துவிட்டதாக நினைத்தேன். மணலைக் காணோம். பாறையைக் காணோம். மூன்று சிப்பிகள் இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு அலை வந்து என் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. அடுத்தது இன்னும் மேலே ஏறியது. யாரும் மடை திறந்துவிடவில்லை, மழையும் இல்லை, தண்ணீர் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே வருகிறது. அத்தையின் குடில்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. அதன் கால்களைச் சுற்றி நுரை ஓடியது. அத்தை உள்ளே. பூட்டு வெளியே. சாவி கடலுக்கு அடியில். மூன்றையும் செய்து வைத்தது நான்.

பின்பக்கமாக ஓடி ஜன்னலைத் தட்டினேன். "அத்தை, சாவி போச்சு! கடல் வந்துருச்சு! சாவி தண்ணிக்குள்ள போச்சு!"

அத்தை ஜன்னலுக்கு வந்தாள். தூங்கிய முகமாக இல்லை. மூங்கில் கம்பிகளுக்கு நடுவே விரலை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "அழாத. தொலைஞ்சாத் தொலையட்டும்."

"தண்ணி உள்ள வந்துரும்த்தை. ஒங்கிட்ட இன்னொரு சாவி இருக்குல்ல, அதக் குடு."

"அதையும் காணோம்" என்றாள். "நீ போயி மதினிகிட்ட இரு."

ஆக, இரண்டு சாவியும் தொலைந்துவிட்டன. அம்மாவைக் கூப்பிடவேண்டும் என்று தோன்றியது, ஆனால் கூப்பிட்டால் என் குற்றம் தெரிந்துவிடுமே என்று கூப்பிடவில்லை. ஒன்பது வயதில் எனக்கு இருந்த நியாயம் அவ்வளவுதான். முன்பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தபோது படகுத்துறைப் பக்கமிருந்து மாமா தனியாக நடந்து வந்தார். அந்தத் தீவில் துறைக்கு மேலே இருந்த மேட்டில் மட்டும்தான் போனுக்கு டவர் கிடைக்கும். கடையில் என்ன விற்றது என்று கேட்க அப்பா அங்கே நின்றுவிட்டிருந்தார்.

"ஏனுங்க பாப்பா, சாவியக் குடுங்க. துணி மாத்தோணும்" என்றார் சிரித்தபடி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நான் கடலைக் காட்டினேன்.

மாமா என் கையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், குடிலின் படியேறினார். கதவைத் தட்டி, "ஏனுங்க, உள்ளயா இருக்கறீங்க?" என்றார். பிறகு பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "உங்ககிட்ட ஒரு சாவி இருக்குமில்லங்க, சன்னல் வழியாக் குடுங்க."

"காணோம்" என்றது உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

மாமா திரும்பி இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. நான் ஒருத்தி நின்றேன், என்னை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கதவை ஓங்கி ஒரு உதை விட்டார்.

"ஏன்டி, என்னைய வெளிய நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறயா? கையிலதான வெச்சிருக்கற? நேத்து வாங்குனது பத்தலையா உனக்கு?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முகம் மாறவில்லை, பல் வளரவில்லை. மாமா மாமாவாகவே இருந்துகொண்டு வேறு ஆளாகிவிட்டார். சாத்திய கதவுக்கு உள்ளே இருந்தால்தானே மாறவேண்டும், வெளியே நின்றும் மாறிவிட்டாரே என்று என் புத்தி தடுமாறியது. கதவு அசையாமல் போகவே அவர் பக்கத்துத் தட்டியில் கையை விட்டுக் கீற்றைக் கிழித்தார். மூங்கில் பிளந்து விரிசல் விட்டது. தோள்வரை உள்ளே கையை விட்டுத் துழாவினார். மாமாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் பாதி எனக்கு அர்த்தம் தெரியாதவை. மற்ற பாதியை இங்கே எழுத முடியாது.

எனக்குப் பின்னால் மணலில் காலடி கேட்டது. அப்பா நின்றுகொண்டிருந்தார். காதில் வைத்த போனை எடுக்க மறந்திருந்தார். போனில் கடைப்பையன் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நேற்று வாங்கியது என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறார் என்பது மட்டும் அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கடையில் பத்து வருடம் நம்பி விற்ற பூட்டு குத்தூசிக்குத் திறந்துகொண்டதைப் பார்த்தவர்போல நின்றார்.

மாமா கையை வெளியே இழுத்தார். முழங்கை கீறி ரத்தம் வந்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் ஒரு நொடியில் பழைய குரல் வந்துவிட்டது. "வாங்க மச்சான். பாப்பா சாவியத் தொலைச்சுட்டாங்க. இவங்க உள்ள பயந்துக்குவாங்களேன்னு பாத்தனுங்க."

எனக்கு அந்தக் குரல்தான் அதிகப் பயமாக இருந்தது. 'பாப்பா சாவியத் தொலைச்சுட்டாங்க' என்று சொல்லியாகிவிட்டது. இனி அப்பா என்னை அடிப்பார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா படியேறியிருந்தார்.

"மாப்ள, செத்தத் தள்ளி நில்லுங்க" என்றார்.

கதவில் வாயை வைத்து, "ஏம்மா, இன்னொரு சாவி ஒங்கிட்டதான இருக்கு?" என்று கேட்டார்.

"காணோம்ணே."

அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து நாதாங்கியின் திருகாணியில் வைத்துத் திருப்பினார். ஏழு லீவர் பூட்டு இம்மியும் அசையவில்லை. அதைத் தாங்கிய நாதாங்கியை மெத்தென்ற மரத்தில்தான் முடுக்கியிருந்தார்கள், நான்கு திருகாணியும் பல் விழுவதுபோல விழுந்தன. அதற்குள் நாணயம் மூன்று தடவை அவர் கையிலிருந்து நழுவியது. கோபத்தில் நழுவுகிறது, கோபமெல்லாம் என்மேல் என்று நினைத்தேன். கீழ்ப்படியை ஒரு அலை தொட்டுவிட்டுப் போனது.

கதவு திறந்தும் அத்தை வெளியே வரவில்லை. அறையின் அந்தக் கோடியில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார் அப்பா.

"எந்த வீட்டுக்குண்ணே?"

அப்பா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுக்குத்தான்" என்றார்.

அத்தை வந்தாள். மாமாவைத் தாண்டி, படியிறங்கி, கணுக்கால் தண்ணீரில் நடந்து என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடம்வரை அந்தப் பிடியை விடவில்லை. அவள் உள்ளங்கைக்கும் என் உள்ளங்கைக்கும் நடுவே ஏதோ கெட்டியாக உறுத்தியது. வியர்வையில் சூடாகி இருந்தது. நான் பூட்டுக்கடைக்காரரின் மகள். கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிட்டது, அது அந்தப் பூட்டின் இரண்டாவது சாவி. பற்கள்வரை எண்ணிச் சொல்லியிருப்பேன்.

கடல் படிக்கு மேல் ஏறவில்லை. தினமும் அவ்வளவுதான் வரும் என்று மேனேஜர் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அது மறுபடியும் பின்வாங்கத் தொடங்கியது, என் சிப்பிகளை மட்டும் திருப்பித் தரவில்லை. மறுநாள் கப்பலில் மாமா ஒரு கோடியில் உட்கார்ந்தார், நாங்கள் ஒரு கோடியில். திண்டுக்கல் வந்து சேர்ந்து, ஒட்டன்சத்திரம் பஸ் புறப்பட்டபோது அத்தை அதில் ஏறவில்லை. அப்பா அன்றைக்குப் பழம் வாங்கவில்லை.

பிறகு பல தடவை ஒட்டன்சத்திரத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, "ஒரு சாவி தொலைஞ்சதுக்குக் குடும்பத்தைப் பிரிக்கறதாங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரே பதில்தான் சொன்னார். "நான் பாத்துட்டேங்க." என்ன பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருப்பேன். அத்தையின் வாழ்க்கையை நான்தான் மணலில் புதைத்துவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன். அத்தை கடையில் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேச ஆரம்பித்த பிறகும், எனக்காகத்தான் வருத்தத்தை மறைத்துக்கொள்கிறாள் என்று எண்ணினேன். நாதாங்கி தொங்கும் அந்தப் பூட்டை அப்பா உடைக்கவும் இல்லை, வீசவும் இல்லை. கடை அலமாரியின் மேல்தட்டில் பூட்டியபடியே இருந்தது.

அவ்வளவு குற்ற உணர்ச்சிக்கு நடுவிலும் ஒரு விஷயத்தை மட்டும் நான் வெளியே விடவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, கையிலேயே சாவியைப் பிடித்துக்கொண்டு காணோம் காணோம் என்றிருக்கிறாளே, பயத்தில் மறந்துபோயிருக்கிறாள் பாவம் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அத்தையைத் திட்டுவார். அதனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.